லேபிள் பேசும் மொழி

மாணவர்களே! வீட்டிற்கு வரும் கடிதங்களையும் மருந்துச் சீட்டுகளையும் உங்களுள் பலர் அம்மாவிற்குப் படித்துக் காட்டுவதை நான் அறிவேன். பிழைப்பிற்காகவும் பணிமாற்றத்தாலும் வடபுலம் வந்த நம் குடும்பங்களில் பெரியவர்கள் சிலர் தமிழ் மட்டுமே படிப்பர்; கடைப்பொருள்களின் மீதோ இந்தியும் ஆங்கிலமுமே காணப்படும். ஆகவே, நச்சுப்பொருள்களின் லேபிளைப் படிக்கும் பொறுப்பும் உங்களையே சேர்கிறது.

முதலில் பூச்சிக்கொல்லியைப் பார்ப்போம். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, அதன் கலன் மீது ஒரு சாய்சதுரம் அச்சிடப்பட வேண்டும். சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி வண்ணமுடையது. மேற்பாதியில் எச்சரிக்கைச் சொல் இருக்கும். சிவப்பு கடும் நஞ்சைக் குறிக்கும். அதன் மேல் மண்டையோடும் இரண்டு எலும்புகளும் வரையப்பட்டிருக்கும். அடுத்தது மஞ்சள். இதிலும் ‘நஞ்சு’ என்னும் சொல் உண்டு, மண்டையோடு இல்லை. நீலத்தில் ‘அபாயம்’ என்றும், பச்சையில் ‘எச்சரிக்கை’ என்றும் பொருள்படும் சொற்கள் இருக்கும்.

பச்சையைக் கண்டு ஏமாறாதீர்கள். தின்பண்டப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கும். இங்கே பச்சை முக்கோணம் ‘நஞ்சு குறைவு’ என்று மட்டுமே சொல்கிறது, ‘நஞ்சு இல்லை’ என்று சொல்லவில்லை. சொல்லும் ஏமாற்றக்கூடும். தமிழில் ‘சாவதானமாக’ என்றால் நிதானமாக என்று கொள்கிறோம். இந்திப் பலகையில் ‘சாவ்தான்’ என்றிருந்தால் ‘விழிப்பாயிரு’ என்று பொருள்.

லேபிளே இல்லாத பாட்டில் இவை எல்லாவற்றினும் கொடியது. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் வீட்டில், மிதிவண்டிக்காரரிடம் வாங்கிய கழிவறை ஆசிட்டைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தனர். விளையாடிவிட்டுத் தாகத்தோடு வந்த அவள் தம்பி ஒரு வாய் குடித்துவிட்டான். அண்டை வீட்டார் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்தனர். உள்ளே போகும்போது சுட்ட அமிலம் வெளியே வரும்போது மீண்டும் சுட்டது. “என்ன குடித்தான்?” என்று மருத்துவர் கேட்டபோது, ‘ஆசிட்’ என்பதற்கு மேல் எவராலும் சொல்ல இயலவில்லை. சிறுவன் பிழைத்தான், ஆயினும் பல நாள் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் துன்புற்றான். அமிலம் குடித்தவரை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாட்டிலையும் லேபிளோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

அந்த ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது மூச்சைத் திணறடிக்கும்.

ஆய்வகப் புட்டிகளில் சிவப்பு விளிம்புடைய சாய்சதுரங்களைக் காண்பீர்கள். ஐக்கிய நாடுகள் அவை வகுத்த ஒன்பது குறிகள் அவை. கைமீதும் உலோகத்தின் மீதும் சொட்டும் திரவம் அரிக்கும் பொருளையும், தீச்சுடர் எளிதில் தீப்பற்றுவதையும், பட்ட மரமும் செத்த மீனும் நீர்நிலைக்கு வரும் கேட்டையும் குறிக்கும். எழுத்தறியாதவருக்கும் இவை விளங்கும்.

நெடுஞ்சாலையில் செல்லும் டேங்கர் லாரியின் பின்புறத்திலும் ஒரு பலகை உண்டு. அதில் உள்ள நான்கிலக்க எண் 1203 எனில் உள்ளிருப்பது பெட்ரோல். 1075 எனில் சமையல் எரிவாயு. 1005 எனில் அம்மோனியா. லாரி கவிழ்ந்தால் தீயணைப்பு வீரர்கள் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.