குப்பை மேட்டுக் கோழி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீட்டுக்கு நாலைந்து என்று திரியும் நாட்டுக்கோழிகளுக்குத் தீவனச் செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. களத்தில் சிந்திய தானியம், எருக்குழிப் புழு, புல் விதை, புடைத்துத் தள்ளிய தவிடு என்று மனிதர் சீண்டாததைத் தின்று முட்டையும் கறியும் தருகின்றன. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் கோழிகளோ மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் நம்பியிருப்பவை. அவற்றை விளைவிக்க நிலமும் நீரும் வேண்டும். கொல்லைப்புற வளர்ப்பை நீடித்த உணவு ஆதாரம் என்பது இதனால்தான். அடைத்து வைத்து மூட்டைத் தீவனம் போட்டு வளர்த்த நாட்டுக்கோழிக்கு இந்தப் பெருமை பொருந்தாது, கடைப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பெட்டை ஆறு மாத வாக்கில் முட்டையிடத் தொடங்கும். ஒரு பருவத்தில் 12 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்கு வந்துவிடும். 21 நாள் அடைகாத்து, குஞ்சுகளோடு இரண்டு மாதம் சுற்றி, அவற்றைக் கொத்தி விரட்டிய பிறகே மறுபடி முட்டைக்கு வரும். ஆண்டுக்கு 60, 70 முட்டை கிடைத்தால் அது நல்ல பெட்டை. குஞ்சுகளை மூன்று வாரத்திலேயே பிரித்துத் தனியாக வளர்த்தால் தாய் சீக்கிரமே அடுத்த பருவத்துக்குத் தயாராகும்.

அடை வைக்க ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளே நல்லது. கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி முட்டைகளை அடுக்குவார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று கரித்துண்டும் இரும்பும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பதும் உண்டு. அதைவிட ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பது பயன் தரும். கரு பிடித்த முட்டைக்குள் சிலந்திக் கால்கள் போலச் செந்நரம்புகள் தெரியும். நரம்பே இல்லாமல் உள்ளே வெறுமையாகத் தெரிந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடலாம்.

உண்மையான நஷ்டம் முட்டையில் இல்லை, குஞ்சில்தான். பத்து பொரித்தால் பாதி தேறுவதே பெரிய காரியம். பருந்து, காகம், கீரி, பூனை எல்லாம் முதல் மாதத்தில்தான் கை வைக்கும். அதனால் அந்த மாதம் முழுக்கத் தாயையும் குஞ்சுகளையும் பெரும்பாலும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது அவசியம். அப்படி அடைபட்ட குஞ்சுகளுக்குப் புரதம் தர ஒரு பழைய வழி இருக்கிறது. உடைந்த பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலை இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடமாகப் பார்த்து மாலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். தட்டிப் போட்டால் குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பொறுக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ, புர்கினா ஃபாசோ நாடுகளின் விவசாயிகளும் இதே முறையைக் கையாள்கிறார்கள்.

மற்றொரு எமன் வெள்ளைக்கழிச்சல். மருத்துவர்கள் ராணிக்கெட் என்பது இதைத்தான். கோழி உறங்கி விழும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். ஊருக்குள் புகுந்தால் ஒரே வாரத்தில் பல வீட்டுக் கூடுகள் காலியாகிவிடும். வந்த பிறகு மருந்தில்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலடியில் தடுப்பூசியும் போட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். ஒரு புட்டி மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது, திறந்தால் சில மணி நேரத்தில் வீணாகிவிடும் என்பதால் நாலு கோழி வைத்திருப்பவர்கள் தனியாக வாங்குவதில்லை. தெருவே சேர்ந்து கால்நடை மருந்தகத்தை அணுகினால் காரியம் எளிது.

வனராஜா, நந்தனம் போன்ற மேம்படுத்திய கோழிகள் நாட்டுப் பெட்டையைவிடக் கூடுதலாக முட்டையிடும். ஆனால் அடைக்கு உட்காருவது அரிது. உடல் கனம் என்பதால் நாய் துரத்தினால் பறந்து தப்புவதும் கஷ்டம். சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழிப் பெட்டையிடம் இந்த முட்டைகளை அடை வைத்துப் பொரிக்கவிடலாம்.

எத்தனை கோழி வளர்க்கலாம் என்பதைக் கொல்லைதான் தீர்மானிக்கிறது. எண்ணிக்கை கூடினால் மேய்ச்சல் போதாமல் தானியம் வாங்க நேரும், சீக்கும் வேகமாகப் பரவும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சச் சேவல்களை ஐந்தாறு மாதத்தில் விற்றுவிடலாம்; ஆடி மாதக் கோயில் கொடைகளை ஒட்டி நல்ல விலையும் கிடைக்கும்.