மாடியறைச் செர்வரும் நான்கு போர்ட்டுகளும்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் வீதியிலும் பினாங்கு வீதியிலும் அஞ்சடிப் பாதையை ஒட்டி நிற்கும் பழைய கடைவீடுகளின் மாடியில், கணக்கெழுதுவோரும் அச்சுத்தொழில் நடத்துவோரும் வைத்திருக்கும் அலுவலகங்களில், அனைவருக்கும் பொதுவான கோப்புகளைச் சேமித்து வழங்கும் செர்வர் ஒன்று இருப்பது இன்று சர்வசாதாரணம். அதில் பெரும்பாலும் லினக்ஸும், ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1992-இல் முதன்முதல் வெளியிட்ட சாம்பா என்னும் இலவச மென்பொருளும் இருக்கும். விண்டோஸ் கணினிகள் அதனைத் தம் இனமென்றே கருதிக் கோப்புகளை எடுத்துக்கொள்ளும்.

உபத்திரவம் முதல் நாளே ஆரம்பமாகிறது. செர்வர் ஓடுகிறது, ஆனால் அடுத்த மேஜையிலிருந்து பார்த்தால் அது தென்படுவதில்லை. கேளாமல் வரும் தொடர்பையெல்லாம் மறுப்பதே ஃபயர்வாலின் தர்மமாதலால், அது தன் கடமையைச் செய்கிறது, அவ்வளவே. இதனை உணராமல் ஃபயர்வாலை அறவே அணைத்துவிட்டு, “இப்போ வருது பாருங்க” என்று திருப்தியடையும் சாமர்த்தியசாலிகள் நம்மில் அநேகர்.

ஃபயர்வாலில் திறக்க வேண்டியது மிகச் சொற்பம். கணினியில் தொடர்புகள் நுழையும் வாசல்களாக 65,535 வரை எண்ணிட்ட போர்ட்டுகள் உண்டெனினும், சாம்பாவுக்கு வேண்டியவை நான்கே: பெயரைக் கண்டுபிடிக்க யூடிபி முறையில் 137, 138, கோப்புகளைப் பரிமாற டிசிபி முறையில் 139, 445. புதிய விண்டோஸ் கணினிகள் மட்டுமே உள்ள இடத்தில் 445 ஒன்றே போதும். அதையும் அலுவலகத்தின் உள் முகவரிகளுக்கு மட்டும் திறப்பதே உசிதம்.

லினக்ஸ் கணினிகளுக்குள் பகிர்வதற்கு, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் உருவாக்கிய என்எஃப்எஸ் முறை வழங்குகிறது. பொறுமையைச் சோதிப்பது இதன் பழைய மூன்றாம் பதிப்புதான். 2049, 111 என்ற இரண்டு போர்ட்டுகளையும் சிரத்தையோடு திறந்த பின்னும் அது இணங்காது. ஏனெனில், கோப்புறையை இணைத்துத் தரும் மவுண்ட்டி என்னும் துணை நிரல், தான் துவங்கும்போதெல்லாம் வேறொரு போர்ட்டைத் தேடிக்கொள்கிறது. நேற்று வேலை செய்தது இன்று மின்தடைக்குப் பின் நின்றுபோவதன் ரகசியம் இதுவே. அதற்கும் உடன் ஓடும் பிற துணை நிரல்களுக்கும் நிலையான எண்களை அமைப்புக் கோப்பில் எழுதிவைத்து, அவற்றையே ஃபயர்வாலிலும் குறிப்பிட வேண்டும். அல்லது 2049-ஐ மட்டுமே கேட்கும் நான்காம் பதிப்புக்கு மாறிவிடலாம். மாறுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

வரும் கப்பல்களுக்குச் சுங்கவரி கேளாமல் இடங்கொடுத்துச் செழித்த ஊர் பினாங்கு. அச்சலுகை 1969-இல் ரத்தாகும்வரை அதுவே அதன் கீர்த்தி. அந்தத் தாராளம் 445-க்கு மட்டும் ஆகாது. 2017 மே 12 அன்று வெடித்துப் பரவிய வான்னகிரை கிருமி, விண்டோஸின் பழைய பகிர்வு முறையிலிருந்த ஒரு பிழையைப் பற்றிக்கொண்டு, எவரும் எதையும் சொடுக்காமலே, இந்தப் போர்ட்டின் வழியாகக் கணினிக்குக் கணினி தாவிக் கோப்புகளைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. மைக்ரோசாப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது! லினக்ஸ்காரர்களும் இதில் கர்வப்பட இடமில்லை. அதே மே மாதம் சாம்பாவிலும் கடுமையான பிழையொன்று வெளிப்பட்டது.

ஆகையால், வீட்டிலிருந்து கோப்பை எடுக்கும் சௌகரியத்துக்காக ரூட்டரில் 445-ஐ இணையத்துக்குத் திறந்துவிடுவது மகா அபாயம்; அதற்கு விபிஎன் என்னும் பாதுகாப்பான தனிப்பாதை உண்டு. கீழ்க்கடைக்கு வரும் வாடிக்கையாளருக்குத் தரும் வைஃபையும் செர்வர் இருக்கும் வலையமைப்பும் ஒன்றாயிருத்தல் கூடாது. எல்லாம் முடிந்தபின், அந்த வைஃபையில் ஒரு மடிக்கணினியை இணைத்து, செர்வரைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்கவில்லையென்றால், வேலை சரி.