பனி சூடிய எரிமலையில் ஏறுவது எவ்வாறு?

சி ரூசாக் கடற்கரைக்கு எதிரே விரிந்து கிடப்பது மலாக்கா நீரிணை. அதற்கு அப்பால் உள்ளது சுமத்திராத் தீவு. அத்தீவின் நெடுகிலும் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்தது 3,805 மீட்டர் உயரமுள்ள கெரிஞ்சி. ஆயினும் அதன் உச்சியில் பனி தங்குவதில்லை. நிலநடுக்கோட்டை அடுத்து, நெருப்பையும் பனியையும் ஒருங்கே தாங்கி நிற்கும் மலையைக் காண நாம் ஆப்பிரிக்காவுக்குச் செல்லலாம். அங்கே, தான்சானியா நாட்டில், 5,895 மீட்டர் உயர்ந்து நிற்கிறது கிளிமஞ்சாரோ. நம் மாநிலத்து அங்சி மலைகள் ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உயரத்திற்குச் சற்றுக் குறையும்.

வெப்ப நாட்டில் பனி எப்படி நிலைத்தது? கேமரன் மலைக்குச் சென்று வந்த மாணவர்கள் இதற்கு விடை கூறிவிடுவர். மேலே செல்லச் செல்ல, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறைகிறது. அடிவாரத்தில் 30 பாகை வெயில் காயும்போது, உச்சியில் நீர் உறையும் குளிர் நிலவும். 1848ஆம் ஆண்டில் ரெப்மான் என்னும் செருமானியப் பாதிரியார் இம்மலையின் வெண்மையைக் கண்டு எழுதியபோது, ஐரோப்பிய அறிஞர் சிலர் நம்ப மறுத்தனர். வீட்டில் அமர்ந்து நூல் கற்றோர், நேரில் கண்டவரை மறுத்த கதைகளுள் இதுவும் ஒன்று!

கிளிமஞ்சாரோ மூன்று எரிமலைகள் சேர்ந்து உருவான மலையாகும். சீரா, மாவென்சி ஆகிய இரண்டும் அவிந்துவிட்டன. நடுவிலுள்ள கீபோ மட்டும் உறங்குகிறது எனலாம். அது குழம்பைக் கக்கி ஓர் இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எனினும் அதன் வாய்க்குழியில் இன்றும் கந்தக நெடியோடு ஆவி கசிகிறது.

இனி, ஏறும் முறையைப் பார்ப்போம். வழக்கமான பாதைகளில் கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படுவதில்லை. நடந்தே உச்சியை அடையலாம். மலை நம்மை ஏமாற்றுவதும் இங்கேதான். நடைதானே என்று விரைவாகச் செல்வோர் பலர் உச்சியைக் காணாமலே திரும்புகின்றனர். அடிவாரத்தில் காப்பித் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் உள்ளன. அவற்றைக் கடந்தால் மழைக்காடு, அதற்கு மேலே புதர் நிலம், அதற்கும் மேலே புல் பூண்டு அரிதான கற்பாலை, முடிவில் பனி. புதர் நிலத்திற்கும் பாலைக்கும் இடையே ஒரு விந்தையான மரம் வளர்கிறது. அது காய்ந்த இலைகளை உதிர்ப்பதில்லை. அவற்றையே கம்பளிபோல் தண்டைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு இரவுக் குளிரைத் தாங்குகிறது.

மனிதனுக்கு அத்தகைய போர்வை மட்டும் போதாது. காற்றில் பிராணவாயுவின் பங்கு எவ்வுயரத்திலும் நூற்றுக்கு இருபத்தொன்றுதான். ஆனால் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிட்டும் பிராணவாயு குறைந்துவிடுகிறது. கிளிமஞ்சாரோ உச்சியில், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதியே கிடைக்கும். தண்ணீரும் அங்கே எண்பது பாகையை ஒட்டிய சூட்டிலேயே கொதித்துவிடும். ஆகவே சோறு நன்றாக வேகாது.

உடல் இக்குறையை ஈடுசெய்யக் கற்றுக்கொள்ளும். முதலில் மூச்சும் நாடியும் விரைவாகும். நாட்கள் செல்லச் செல்லக் குருதியில் செவ்வணுக்கள் பெருகும். ஆனால் அதற்குக் காலம் வேண்டும். மூவாயிரம் மீட்டருக்கு மேலே சென்றபின், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மருத்துவர் கூறும் விதி. கிளிமஞ்சாரோவில் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் உண்டு. அதனை மிச்சப்படுத்தக் கருதி ஐந்தே நாளில் ஏறி இறங்குவோர் இவ்விதியை மீறவே நேர்கிறது. ஒரு நாள் கட்டணத்தை மிச்சம் பிடித்து, வந்த பயணம் முழுவதையும் இழப்பது என்ன கணக்கோ!

உயர மலை நோய் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவற்றோடு தொடங்கும். இந்நிலையில் மேலே ஏறாமல் தங்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மாறாக, நேர்க்கோட்டில் நடக்க இயலாமல் தள்ளாடினாலோ பேச்சுக் குழறினாலோ மூளை வீங்குகிறது என்று பொருள். ஓய்ந்து இருக்கும்போதும் மூச்சு வாங்கி, நுரையோடு இருமினால் நுரையீரலில் நீர் சேர்ந்துள்ளது. இவை உயிரைப் போக்கக் கூடியவை. நள்ளிரவானாலும் நோயாளியை உடனே கீழே இறக்க வேண்டும். இளமையும் உடல் வலிமையும் இந்நோய்க்குத் தடையாகா; வலிமையுடையோர் விரைந்து ஏறிவிடுவதால் அவர்களே முதலில் விழுவதும் உண்டு. அதனால்தான் அங்குள்ள வழிகாட்டிகள் சுவாகிலி மொழியில் "போலே, போலே" என்று ஓயாமல் கூறுகின்றனர். "மெல்ல, மெல்ல" என்பது அதன் பொருள்.

எவரெஸ்டுச் சிகரத்திலும் இதே விதிதான். மலேசியர்களுள் முதன்முதலாக 1997 மே 23ஆம் நாள் அச்சிகரத்தை அடைந்த மகேந்திரன், மோகனதாஸ் இருவரும் நம் தமிழரே. எவரெஸ்டில் ஏறுவோர் ஒரே மூச்சில் மேலே செல்வதில்லை. ஒரு முகாமுக்கு ஏறி, இறங்கி, மீண்டும் அதற்கும் மேலே ஏறி, வாரக்கணக்கில் உடலைப் பழக்குகின்றனர். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் எவரெஸ்டை அடைந்து, தமிழ்நாட்டுப் பெண்களுள் அச்சிறப்பைப் பெற்ற முதல்வரானார். பின்னர் அவர் கிளிமஞ்சாரோவின் உச்சியையும் அடைந்தார்.

இறுதி ஏற்றம் நள்ளிரவில் தொடங்கும். சரிவு முழுவதும் எரிமலைச் சாம்பலும் சரளையும் நிறைந்துள்ளன. பகலில் அவை காலடியில் சரியும். இரவுக் குளிரில் உறைந்து இறுகியிருக்கும். மேலும், விடியலில் உச்சியை அடைந்தால், பிற்பகல் மேகம் சூழுமுன் இறங்கிவிடலாம். உச்சியின் பெயர் உகுரு. விடுதலை என்று பொருள். 1961 டிசம்பரில் அந்நாடு விடுதலை பெற்றபோது அங்கே ஒரு தீபம் ஏற்றப்பட்டது. உச்சியின் பனி இப்போது வேகமாகக் குறைந்து வருகிறது. 1912இல் இருந்த பனிப்பரப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு 2011க்குள் மறைந்துவிட்டது.

ஏறுவோர் ஒருவருக்கு மூன்று நான்கு சுமையாளர்கள் உடன் செல்வர். கூடாரம், அரிசி, அடுப்பு, தண்ணீர் யாவும் அவர்கள் தலையிலும் முதுகிலுமே ஏறுகின்றன. காண்டா வாளியில் பால் சுமந்த நம் பெரியோர்க்கு அப்பாரத்தின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் இருபது கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது என்பது அங்குள்ள சட்டம். மலைவாயிலில் சுமையை நிறுத்துப் பார்த்த பின்னரே மேலே விடுவர். நல்ல காலணியும் கம்பளி ஆடையும் இல்லாமல் குளிரில் இறந்த சுமையாளரும் உண்டு. 1889 அக்டோபர் 6ஆம் நாள் உச்சியை முதலில் அடைந்தவர்கள் என ஆன்ஸ் மேயர், லுட்விக் புர்ட்செல்லர் ஆகிய இருவரின் பெயர்களை நூல்கள் கூறும். அவர்களுக்கு மலையில் வழிகாட்டியவர் லாவுவோ என்று அடிவாரத்துச் சாக்கா மக்கள் கூறுவர்.