செம்பருத்தியில் சிட்டு... பரணில் மரநாய்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கும் யாராவது ஒருவர், செம்பருத்திச் செடியில் குட்டிப் பறவையைப் படம்பிடித்து, ‘எங்க வீட்டுக்கு ஹம்மிங்பேர்டு வந்திருக்கு’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்துவிடுவார். அது நம்மூர் தேன்சிட்டுங்க! ஹம்மிங்பேர்டு இயற்கையாக வாழ்வது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். அது அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும்.

ஹம்மிங்பேர்டு வாழும் தென் அமெரிக்கக் காடுகளில் தபீர் என்றொரு விலங்கும் உண்டு. பன்றி மாதிரி உடம்பு, குட்டித் தும்பிக்கை மாதிரி மூக்கு. உறவு என்னவோ குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும்! எடை 200 கிலோவைத் தொடும். ஹம்மிங்பேர்டுகளில் பல வகை 5 கிராம்கூட இருக்காது. ஆனால், காட்டுக்கு இரண்டுமே வேலைக்காரர்கள். சின்னது பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கிறது. பெரியது பழத்தைத் தின்றுவிட்டு, எங்கோ தள்ளிப்போய் விதையைச் சாணத்தோடு போடுகிறது.

நம்மூரில் மகரந்த வேலைக்குத் தேன்சிட்டு இருக்கிறது. விதை வேலைக்கு? ராத்திரி ஓட்டின் மேல் தடதடவென ஓடுகிறதே, அந்த மரநாய்!

பெயரில்தான் நாய். இது நாயும் இல்லை, பூனையும் இல்லை, புனுகுப்பூனைக்குச் சொந்தம். அத்தி, நாவல், சப்போட்டா என்று பழமாகத் தேடித் தின்னும். விதைகள் சேதமில்லாமல் எச்சத்தில் வந்துவிடும். இந்தோனேசியாவில் அந்த எச்சத்தில் பொறுக்கிய காபிக்கொட்டைக்கு எக்கச்சக்க விலை. (குடிக்கிறவர்கள் குடிக்கட்டும்!)

தேன்சிட்டு துணிக்கொடியில் கூடு கட்டினால், துணியை வேறு பக்கம் காயப்போடுகிறோம். மரநாயைக் கண்டால் கம்பைத் தூக்குகிறோம். எப்போதாவது கோழியில் கை வைக்கும், உண்மைதான். மற்றபடி, சீண்டாத வரை மனிதரைக் கண்டால் ஓடி ஒளியும் பிராணி. பகலில் தூங்க மரப்பொந்து வேண்டும் அதற்கு. தோப்பு போய் ஷெட் வந்த இடத்தில் பொந்துக்கு எங்கே போகும்? பரணுக்கு வருகிறது.

வந்துவிட்டால், பகலில் ஓட்டையை அடைக்காதீர்கள், உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இருட்டியதும் இரை தேடக் கிளம்பும். அப்போது உள்ளே குட்டி இல்லையென்று பார்த்துவிட்டு அடையுங்கள். குட்டி இருந்தால், அது வளர்ந்து வெளியேறும்வரை பொறுங்கள். அடிப்பதும் பிடித்து வைப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பயமாக இருந்தால் வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள்.