நீல ஒளிக்கும் பசிக்கும்

காலை நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுக்கு நடுவே கிடைத்த நாற்பது நொடியில் தப்பு ஒன்றைச் சொல்லிவிட்டேன். முந்தைய சனிக்கிழமை கம்போங் மேடானிலிருந்து குடும்பத்தோடு கோல சிலாங்கூர் போயிருந்தோம். இருட்டில் படகிலிருந்து வலையை நீரில் அலசினால் நீலப் பொறி பறக்குமே, ‘புளூ டியர்ஸ்’, அதைப் பார்க்கத்தான். அந்தப் பரவசம் அடங்காமல், “மிதக்கும் குட்டிச் செடிகள்தான் இப்படி மின்னுகின்றன நேயர்களே, வெயிலைக் குடித்தே வாழும் உயிர்கள்” என்று மைக்கில் அளந்துவிட்டேன்.

பாட்டு முடிவதற்குள் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் அழைத்தார். “தம்பி, செடின்னு சொல்லிட்டீங்க. அதுல சிலது பக்கத்துல இருக்கறதப் பிடிச்சுத் தின்னும். கொஞ்சம் படிச்சுப் பாருங்க.”

படித்தேன். கடலில் மின்னுபவற்றில் பேர்போனது நாக்டிலூக்கா. ஒரே செல்தான். ஆனாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். பெரியது ஒரு மில்லிமீட்டரையும் தாண்டும். ஊதிய பலூன் போன்ற உடல், அதில் ஒரு தும்பிக்கை. பசை போன்ற கோழையில் சிக்கும் நுண்பாசிகளையும் மீன் முட்டைகளையும்கூட விழுங்கிவிடும். அலையோ துடுப்போ உரசினால் ஒளிரும்.

இதில் வெப்பக் கடல்களில் வாழும் பச்சை வகைதான் என்னை அசத்தியது. அதன் உடலுக்குள் ஆயிரக்கணக்கான பச்சைப் பாசி செல்கள் நீந்துகின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கின்றன. அப்படியும் இது வேட்டையை விடுவதில்லை. வீட்டில் சமையல்காரரை வைத்துக்கொண்டு பாசார் மாலாமுக்கும் போகிற ஆள்!

கடலின் மேற்பரப்பில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் பல இடங்களில் பற்றாக்குறை. அண்டை வீட்டாரைத் தின்றால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். அதனால் சொந்தமாகப் பச்சையம் வைத்திருக்கும் பாசிகளிலும் பல இப்படி மேய்கின்றன. 2008-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வட அட்லாண்டிக்கின் மிதவெப்பப் பகுதியில், கோடையில், வெளிச்சம் எட்டும் நீரில் தின்னப்படும் பாக்டீரியாவில் 40 முதல் 95 விழுக்காடு வரை மிகச் சிறிய பாசிகளின் வயிற்றுக்குத்தான் போகிறது. பள்ளியில் செடி ஒரு பக்கம், விலங்கு ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் படித்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

இந்த மேய்ச்சல் மீனவர் வயிற்றிலும் அடிக்கிறது. 2008 அக்டோபரில் தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா பெருகிக் கடல் பச்சையானது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. 2019 செப்டம்பரில் மண்டபம் அருகே மறுபடியும் வந்தது. அந்த முறை பவளப்பாறைகளும் பாதிக்கப்பட்டன. மிதப்பதற்காக இது அம்மோனியாவை உடலில் சேர்த்து வைக்கிறது. கூட்டமாகச் செத்தால் அத்தனையும் நீரில் கலக்கும். அழுகும்போது ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். உயிரோடு இருக்கும்போதும் மீன்களுக்கு இது நல்ல தீனியல்ல. ஜெல்லி மீன் போன்ற சிலவே இதை விரும்பித் தின்கின்றன.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது, வேறோர் உயிரால். 2014-இல் ஜொகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில் கார்லோடினியம் ஆஸ்ட்ராலே பெருகியபோது மீன்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன. அதன் நெருங்கிய உறவான கார்லோடினியம் வெனெஃபிகம் செய்வதைக் கேளுங்கள்: நஞ்சை விட்டு இரையை மயக்கி, நிதானமாகத் தின்னும். அதே நஞ்சு மீனின் செவுளையும் சிதைக்கும். வளர்த்த மீன் விடிவதற்குள் மிதந்தால் கூண்டுக்காரர் என்ன செய்வார்? மூட்டை கட்டிக்கொண்டு வேறு கடலுக்கா போக முடியும்?

அடுத்த நாள் அதே நாற்பது நொடியில் திருத்தம் சொன்னேன். ஆசிரியர் மறுபடியும் அழைத்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“நாக்டிலுக்கா இல்ல தம்பி, நாக்டிலூக்கா. ‘லூ’வ நீட்டுங்க.”