துளை போடாமல் சுருதியை அசைக்கலாம்!

மெல்லிசைக் கச்சேரியில் மின்கிட்டார் வாசிப்பவரின் வலக் கையைக் கவனித்திருக்கிறீர்களா? சிலர் கம்பியை மீட்டியவுடன், கிட்டாரின் அடிப்பக்கத்திலிருந்து நீண்டிருக்கும் உலோகக் கைப்பிடி ஒன்றை மெல்ல அழுத்தி விடுவிப்பார்கள். அதுவரை நேராக ஒலித்த சுரம் உடனே நீரலைபோல் நெளியும். இந்த அமைப்புக்கு வைப்ரேட்டோ என்று பெயர்.

எல்லாக் கிட்டார்களிலும் இது இருப்பதில்லை. இல்லாத கிட்டாரில் இதைப் பொருத்துவது எப்படி? மரத்தில் துளையிட்டுத் திருகாணி ஏற்றலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கிட்டார் உங்கள் அண்ணன் நம்பிக் கொடுத்ததாக இருந்தால்? அல்லது அறுபது ஆண்டுப் பழமையான அரிய கருவியாக இருந்தால்? மரத்தில் போட்ட துளையை அடைக்கலாம். போடாத துளையாக ஆக்க முடியாது. துளையே போடாமல் காரியத்தை முடிக்க வழி உண்டா? பார்ப்போம்.

சுருதியை மாற்றுவது எது?

இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண்ணை மூன்று அளவுகள் முடிவு செய்கின்றன: கம்பியின் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் வகுத்த விதிகள் இவை. இவற்றில் நமக்கு வேண்டியது இழுவிசை பற்றிய விதி. அதிர்வெண், இழுவிசையின் இருமடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது, அதிர்வெண் இரண்டு மடங்காக வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும்.

வீணை வாசிப்பவர் கம்பியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் செய்கிறார் அல்லவா? அவரும் இழுவிசையைத்தான் மாற்றுகிறார். ஆனால் அப்படி இழுக்கும்போது சுருதி மேலேதான் ஏறும். வைப்ரேட்டோவின் கைப்பிடி ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் தளர்த்திச் சுருதியைக் கீழேயும் இறக்கும்.

சுருதி அரைச்சுரம் இறங்க, இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைய வேண்டும். முழுச்சுரம் இறங்க வேண்டுமானால் சுமார் 21 சதவீதம்.

பட்டறையில் பிறந்த கருவி

அமெரிக்காவில் 1930களிலேயே டாக் காஃப்மேன் என்பவர் வைப்ரோலா என்ற அமைப்பை உருவாக்கியிருந்தார். அதில் ஒரு குறை இருந்தது. கைப்பிடியை விட்டபின் சுருதி பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பவில்லை. மெர்ல் டிராவிஸ் என்ற கிட்டார் கலைஞர், தம் கருவியிலிருந்த இக்குறையைத் தீர்க்கும்படி கலிபோர்னியாவைச் சேர்ந்த பால் பிக்ஸ்பியிடம் கேட்டார். பிக்ஸ்பி மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஈடுபட்டவர். உலோக வேலையில் கைதேர்ந்தவர். பழையதைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாகவே ஒன்றைச் செய்துவிட்டார். 1950களின் தொடக்கத்தில் அது புகழ்பெற்றது.

பிக்ஸ்பியின் அமைப்பு எளியது. கம்பிகளின் முனைகள் ஓர் உருளைத் தண்டில் மாட்டப்பட்டிருக்கும். கம்பிகளின் இழுவிசை அத்தண்டைச் சுழற்றப் பார்க்கும். கைப்பிடிக்கு அடியில் உள்ள சுருள்வில் அதை எதிர்த்துத் தாங்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் தண்டு நிற்கும். கைப்பிடியை அழுத்தினால் வில் அமுங்கும், தண்டு சற்றே சுழலும், கம்பிகள் தளரும். கையை எடுத்தால் வில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

1954-ல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் வேறொரு முறை கையாளப்பட்டது. அதில் சுருள்விற்கள் கிட்டாரின் முதுகுப்பக்கம், மரத்தைக் குடைந்த பள்ளத்துக்குள் இருக்கும். இதை வேறொரு கிட்டாரில் பொருத்த மரத்தைக் குடைந்தாக வேண்டும். பிக்ஸ்பியின் அமைப்போ மேற்பரப்பிலேயே அமர்ந்துகொள்ளும். ஆகவே நமக்கு ஏற்றது அதுதான்.

இருக்கும் துளையே போதும்

கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வகைக் கிட்டார்கள் பலவற்றில், கம்பிகளின் முனையைப் பிடிக்க ஓர் உலோகக் குறுக்குத்துண்டு இருக்கும். மரத்தில் புதைத்த இரண்டு மரையுறைகளில் திருகிய இரு தடித்த போல்ட்டுகள் அதைத் தாங்கும். அவற்றின் இடைவெளி சுமார் 8 சென்டிமீட்டர். கம்பிகளைத் தளர்த்தினால் குறுக்குத்துண்டு கையோடு வந்துவிடும்.

ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை எவ்வளவு தெரியுமா? 40 கிலோகிராமுக்கும் அதிகமான எடைக்குச் சமம்! அத்தனையையும் அந்த இரு போல்ட்டுகளே தாங்கி வருகின்றன. எனவே குறுக்குத்துண்டை எடுத்துவிட்டு, அதே போல்ட்டுகளில் ஓர் உலோகத் தட்டை இறுக்கி, வைப்ரேட்டோவை அத்தட்டின்மேல் பொருத்தினால் போதும். மரத்தில் புதிய துளை எதுவும் வேண்டாம். இதற்கான தட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. அதே போல்ட்டுகளில் நேராகவே மாட்டும் வைப்ரேட்டோக்களும் உண்டு.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, கைப்பிடி ஒரு நெம்புகோல்; அதை அழுத்தும்போது தட்டைப் புரட்டும் திருப்புத்திறன் உண்டாகும். ஆகவே தட்டு ஆட்டமின்றி இறுகியிருக்க வேண்டும். இரண்டாவது, போல்ட்டுகளின் மரை. அமெரிக்கக் கிட்டார்களில் அங்குல அளவும், பிற நாடுகளில் செய்த பலவற்றில் 8 மில்லிமீட்டர் அளவும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பொருந்தாததை வலிந்து திருகினால் மரையுறை பாழாகிவிடும். துளை போடாமல் இருந்த பயனே போய்விடும். மூன்றாவது, தட்டுக்கும் மரத்துக்கும் இடையே மெத்தை வைப்பதானால் ரப்பர் வேண்டாம், கம்பளித் துணி வையுங்கள். பழைய கிட்டார்களின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை ரப்பர் நாளடைவில் கெடுத்துவிடும்.

அரை மில்லிமீட்டரின் கணக்கு

கிட்டாரின் மிக மெல்லிய கம்பி 0.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு. சுருதி சேர்த்த நிலையில் அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். ஹூக் விதிப்படி நீட்சியும் இழுவிசையும் நேர்விகிதத்தில் உள்ளவை. அப்படியானால் இழுவிசை 11 சதவீதம் குறைய, கம்பி அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலே போதும். அதற்கே சுருதி அரைச்சுரம் இறங்கிவிடும்!

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். கைப்பிடியை விட்டபின் கம்பி எங்காவது உராய்ந்து, அரை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சிக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 330 அதிர்வுள்ள அக்கம்பியின் சுருதி சுமார் 2 அதிர்வுகள் பிசகும். சரியான சுருதியில் உள்ள இன்னொரு கிட்டாருடன் சேர்ந்து ஒலித்தால், வினாடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும். முந்தைய அமைப்புகளின் தீராத தலைவலி இதுதான்.

கம்பி பெரும்பாலும் சிக்குவது கழுத்தின் உச்சியில் உள்ள நட் என்னும் கட்டையின் பள்ளங்களில்தான். மென்மையான பென்சிலின் தூளை அங்கே தடவுங்கள். பென்சிலில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும், உராய்வு குறையும்.

செய்து பாருங்கள்

கிட்டார் இல்லையா? பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள சுரமானியே போதும். ஆசிரியரின் அனுமதியுடன் கம்பியில் 4.5 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுங்கள். இரு கட்டைகளுக்கும் இடையே 50 சென்டிமீட்டர் இருக்கட்டும். மீட்டிப் பார்த்துவிட்டு அரை கிலோகிராமை எடுத்துவிடுங்கள். சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் இறங்கியிருக்கும். ஆர்மோனியத்தின் அடுத்தடுத்த இரு கட்டைகளோடு ஒப்பிடலாம். பழைய சுருதியை மீண்டும் பெற, நீளத்தை எத்தனை சென்டிமீட்டராகக் குறைக்க வேண்டும்? முதலில் கணக்கிடுங்கள், பிறகு அளந்து பாருங்கள். (விடை: சுமார் 47.1.)

எடையைத் திரும்ப மாட்டும்போது சுருதி உடனே பழைய இடத்துக்கு வராமல் இருக்கலாம். கம்பியை இலேசாகத் தட்டுங்கள், வந்துவிடும். உராய்வு அங்கேயும் ஒளிந்திருக்கிறது!

கடைசியாக ஒரு சொல். கிட்டார் கம்பிகளை ஒரேயடியாக அவிழ்க்காமல், ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அறுந்த எஃகுக் கம்பி கண்ணைக் காயப்படுத்தும். கழற்றிய குறுக்குத்துண்டை ஒரு டப்பாவில் போட்டுப் பெயரெழுதி, கிட்டார் பெட்டியிலேயே வையுங்கள். அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பழுது பார்ப்பவர்களும், செய்ததை வேண்டும்போது திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்ற நெறியையே கடைப்பிடிக்கிறார்கள். அண்ணன் கிட்டாரைத் திரும்பக் கேட்கும்போது, பத்து நிமிடத்தில் பழையபடியே கொடுத்துவிடலாம்.