பாடு என்னும் சொல்லும் இணைய அகராதியும்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தில் ஒரு போதகர் கிறிஸ்துவின் பாடுகளைக்குறித்துப் பேசுகிறார் எனக் கொள்வோம். அங்குள்ள மீனவருக்குப் ‘பாடு’ என்பது துன்பத்தை மட்டும் குறிப்பதன்று. ஏரியில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று குப்பத்தார் தமக்குள் முறைவைத்துப் பங்கிடும் உரிமைக்கும் அதுவே பெயர். ஒரே சொல் சிலுவையையும் அன்றன்றுள்ள அப்பத்தையும் சுட்டுகின்றது. இதனை அறியாத பிரசங்கம் செவியில் விழுமேயன்றி உள்ளத்தில் தைக்காது.

ஆகவே சொற்பொருள் தேடுதல் போதகரின் கடமையாகின்றது. அதற்கான கருவிகள் இன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஃபப்ரீசியுஸ் ஐயரின் அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சாயிற்று. அதன் நான்காம் பதிப்பு 1972இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியாயிற்று. இவ்விரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய இணைய நூலகத்தில் எவரும் காணலாம்.

அகரவரிசையில் தேடுவோர் மூன்றனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

முதலாவது, தமிழ் மரபில் புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முந்தியது. ஆகையால் ‘பாட்டு’, ‘பாடம்’, ‘பாடு’ என்பதே லெக்சிகனின் வரிசை.

இரண்டாவது, இணையச் சொற்பட்டியல்கள் யாவும் இம்மரபைக் காப்பதில்லை. கணினியின் யூனிகோடு எண்வரிசையை அப்படியே பின்பற்றும் பட்டியலில் ‘பாடம்’, ‘பாடு’, ‘பாட்டு’ என வரும்; றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் நிற்கும். எதிர்பார்த்த இடத்தில் ஒரு சொல் இல்லையெனில், அச்சொல்லே இல்லையென்று முடிவுகட்டலாகாது.

மூன்றாவது, முதற்பொருளோடு நின்றுவிடலாகாது. ‘பாடு’ என்பதற்குத் துன்பம், பெருமை, பக்கம், உறக்கம், ஓசை எனப் பொருள்கள் பல. ‘பாடுபடு’, ‘ஈடுபாடு’, ‘வழிபாடு’ முதலிய சொற்களையும் உடன்வைத்துப் பார்த்தல் நலம்.

எனினும் அகராதி வழிகாட்டியேயன்றி முடிவிடமன்று. பொருள் விளங்காத பேச்சினால் சபைக்குப் பயனில்லை என்பதே 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் பவுலின் வாதம். ஏட்டில் தேடிய சொல்லைக் கரையில் வலை உலர்த்துவோரிடமும் கேட்டறிவோமாக. அவர்கள் பாட்டை அறிந்தபின்பே ஆண்டவரின் பாட்டை அவர்களுக்கு எடுத்துரைக்க நாம் தகுதியடைவோம்.